கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு: எந்தப் பொடியை, எவ்வளவு, எப்படிக் கலப்பது?

ஆடிப்பட்டத்தில் போட்ட மானாவாரிக் கடலை புரட்டாசி, ஐப்பசியில் பிடுங்க வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மழை அடர்ந்து பெய்கிற மாதங்களும் அவைதான். பிடுங்கிப் போட்ட செடி காய்வதற்குள் இரண்டு மழை நனைந்தால் காய்க்குள் பூசணம் இறங்கிவிடும். திரட்சியான பருப்பு விதைக்கும் வியாபாரிக்கும் போகும். சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை எல்லாம் செக்குக்குப் போகும். பிழியும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. மாட்டுத் தொட்டிக்கு வருவது அந்தப் புண்ணாக்கு.

நஞ்சின் பெயர் அஃப்லடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பச்சை கலந்த மஞ்சள் பூஞ்சையும் அதன் உறவுக்காரப் பூஞ்சை ஒன்றும் உண்டாக்குவது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது. அதற்கும் காரணம் கடலைப் புண்ணாக்குதான், பிரேசிலிலிருந்து வந்தது.

இந்த நஞ்சின் முக்கிய வகை பி1. மாடு தின்ற அஃப்லடாக்சின் பி1, ஈரலில் எம்1 என்ற இன்னொரு வகையாக மாறிப் பாலில் இறங்கும். தின்ற பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பாலில் தெரியும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்தியாவில் ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி.

பொடி என்ன செய்யும், என்ன செய்யாது

கடைகளில் ‘டாக்சின் பைண்டர்’ என்று விற்கும் பொடி தீவனத்திலிருந்து நஞ்சை நீக்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கலந்த பிறகும் நஞ்சு முழுசாகத் தீவனத்தில்தான் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் ஈரம் பட்டதும் பொடியில் உள்ள களிமண்ணின் அடுக்குகள் விரிந்து நஞ்சின் மூலக்கூறுகளை உள்ளே பிடித்துக்கொள்கின்றன. குடல் உறிஞ்சுவதற்குள் சாணத்தோடு வெளியேற்றிவிடுகின்றன. அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் பொடி கலந்த தீவனத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி ‘நஞ்சு குறைந்ததா’ என்று பார்ப்பதில் பயனில்லை. கலப்பதற்கு முன் தீவனத்தைப் பாருங்கள், கலந்த பின் பாலைப் பாருங்கள்.

இன்னொன்று. ஆய்வகக் குடுவையில் நல்ல பென்டோனைட் களிமண் 90 சதவீதத்துக்கு மேல் அஃப்லடாக்சினைப் பிடிக்கும். மாட்டின் வயிறு குடுவை அல்ல. கறவை மாடுகளில் செய்த சோதனைகளில் பாலின் எம்1 பாதியளவுகூடக் குறையாதவை உண்டு. பொட்டலத்தில் அச்சடித்த சதவீதம் குடுவைக் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு நாளைக்கு ஒன்றரை கிலோ கடலைப் புண்ணாக்கு போகிறது என்று வையுங்கள். புண்ணாக்கில் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம் அஃப்லடாக்சின். மாடு தின்பது 600 மைக்ரோகிராம். அதில் சுமார் 2 சதவீதம் பாலுக்கு வரும், நன்றாகக் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரைகூடப் போகலாம். 2 என்றே வைத்தாலும் 12 மைக்ரோகிராம். லிட்டருக்கு 1.2, வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பொடி போட்டு 40 சதவீதம் குறைந்தால் 0.72. இன்னும் வரம்புக்கு மேல்தான். பொடியே இல்லாமல் புண்ணாக்கை அரைக் கிலோவாகக் குறைத்தால் 0.4. குறைத்ததோடு பொடியும் போட்டால் 0.24.

எனவே முதலில் கெட்ட சரக்கைக் குறைக்க வேண்டும், பொடி அதற்கு அப்புறம். வரிசையை மாற்றினால் காசும் போகும், பாலும் தேறாது.

முதல் வேலை: கழிக்க வேண்டியதைக் கழிப்பது

புண்ணாக்குக் கட்டியை உடைத்து உள்பக்கத்தைப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்து நடுவில் பச்சைப் பொடி படிந்திருப்பது சகஜம். மக்கிய வாடை, கையில் எடுத்தால் கதகதப்பு, விரலால் கிள்ளினால் நூல் நூலாக ஒட்டுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மூட்டையைக் கால்நடைக்குப் போடக்கூடாது. வெயிலில் காயவைத்துப் பூசணத்தைத் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது நம் பக்கம் ரொம்ப நாள் பழக்கம். பூஞ்சை சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். வேகவைத்தாலும் பயனில்லை. அது சிதைய 230 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், எந்தக் கொப்பரையிலும் அது நடக்காது. ஊறவைத்து மேல்தண்ணீரைக் கொட்டுவதும் வீண், தண்ணீரில் அது கரைவது மிகக் கொஞ்சம்.

மக்காச்சோளத்தில் இந்த வேலை சுலபம். உடைந்த மணி, தூசி, குருணையில்தான் நஞ்சு அதிகம் சேர்ந்திருக்கும். சல்லடையில் சலித்து அடியில் விழுவதை எறிந்துவிட்டு முழுமணியை மட்டும் அரைத்தாலே கணிசமாகக் குறையும். மில்லில் மலிவாகக் கிடைக்கிறது என்று குருணையை மூட்டையாக வாங்குவது இதற்கு நேர் எதிரான வேலை.

மரவள்ளித் திப்பியையும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கையும் மறந்துவிடாதீர்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து ஈரமாக வரும் திப்பியை மண்தரையில் தடிமனாகப் பரப்பினால் மேல் காய்ந்து அடி புளித்துப் பூசணம் பிடிக்கும். விரல் கனத்துக்கு மேல் பரப்பாமல், நாளைக்கு நாலு முறை கிளறிவிட வேண்டும்.

கடலைப் புண்ணாக்கைக் குறைக்கும்போது புரதம் குறையும், பால் இறங்கும். அந்த இடத்தைச் சோயாப் புண்ணாக்கால் நிரப்பலாம், அதில் அஃப்லடாக்சின் பொதுவாகக் குறைவு. வேலிமசால், அகத்தி இருக்கிறவர்கள் பச்சையாகவே ஈடுகட்டலாம்.

இரண்டாவது: சோதனைக்கு மாதிரி எடுப்பது

பூசணம் கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கும். தெரிகிற எல்லாவற்றிலும் இருக்கும் என்றும் இல்லை. ஆகவே ஆய்வகம் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பல்கலைக்கழகத்தின் தீவன ஆய்வகம் இருக்கிறது. அரூர், ஊத்தங்கரையிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான்.

மாதிரி எடுப்பதில்தான் தவறு நடக்கிறது. நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை, ஆயிரம் பருப்பில் நாலைந்தில் குவிந்திருக்கும். ஒரே மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பினால் வரும் முடிவு அந்தக் கைப்பிடிக்கு மட்டுமே பொருந்தும். பத்து மூட்டை இருந்தால் பத்திலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுங்கள். எல்லாவற்றையும் இடித்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். மிச்சத்தை மறுபடி கலந்து நாலாக்குங்கள். அரைக் கிலோ வரும்வரை இதைச் செய்து காகிதப் பையில் அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே வியர்த்துப் பூசணம் வளரும்.

முடிவு பிபிபி என்ற அளவில் வரும். கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம்தான் ஒரு பிபிபி. கறவை மாட்டுக்கான முழுக் கலப்புத்தீவனத்தில் 20 பிபிபியைத் தாண்டக்கூடாது என்பதைப் பொதுக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். புண்ணாக்கு மட்டும் 100 வந்தால், அது கலவையில் 20 சதவீதம் இருக்கும்போது தீவனத்துக்கு 20 ஆகிவிடும், மற்ற சரக்கு சுத்தமாக இருந்தாலும்.

மூன்றாவது: எந்தப் பொடி

பென்டோனைட். அஃப்லடாக்சினுக்கு இதைவிட நம்பகமான இயற்கைப் பொருள் இந்த விலையில் இல்லை. எரிமலைச் சாம்பல் மட்கி உண்டான களிமண். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பக்கம் வெட்டுகிறார்கள். அஃப்லடாக்சின் தட்டையான மூலக்கூறு, இந்தக் களிமண்ணின் அடுக்குகளுக்கு நடுவில் சீட்டுக்கட்டில் சீட்டுப் போலச் செருகிக்கொள்ளும். மற்றப் பூஞ்சை நஞ்சுகள் அப்படிச் செருகாது. குழியில் போட்டுப் பதப்படுத்தும் மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லில் (சைலேஜ்) வரும் ஃபுசேரியம் பூஞ்சையின் நஞ்சுகளை, முக்கியமாக மாடு தீவனத்தை ஒதுக்கவைக்கும் டிஆக்சிநிவலினாலை, பென்டோனைட் கிட்டத்தட்ட தொடுவதே இல்லை. குழியில் பூசணம் பிடித்த பகுதியை ஓரடி சுற்றி வெட்டி எறிவதே அதற்கு வழி.

ஈஸ்ட் செல்சுவர். டன் தீவனத்துக்கு 1 முதல் 2 கிலோ போதும். பன்றி, மாடுகளில் சினைக் கோளாறு செய்யும் ஜியரலினோன் என்ற பூஞ்சை நஞ்சை ஓரளவு பிடிக்கும். விலை அதிகம். அஃப்லடாக்சின் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஜியோலைட். இறால் குட்டைக்கு விற்கும் அதே பொருள். அமோனியாவைப் பிடிப்பதில் கெட்டி, அஃப்லடாக்சினில் பென்டோனைட்டுக்குக் கீழேதான். கோழிக் கொட்டகையின் கூளத்தில் தூவ நல்லது.

கரி. அடுப்புக்கரியை இடித்துப் போடுவது வேறு, தேங்காய்ச் சிரட்டையை நீராவியில் பதப்படுத்திய கிளர்வூட்டிய கரி வேறு. பின்னதில் ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் உள்பரப்பு இருக்கும், அடுப்புக்கரியில் அதில் சொற்பம்தான். ஆனால் கரிக்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. நஞ்சோடு வைட்டமினையும் மருந்தையும் சேர்த்தே பிடிக்கும். தினசரித் தீவனத்தில் கலக்க ஏற்றதல்ல. மாடு நஞ்சேறிச் சாய்ந்திருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம் வீதம் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது அவசர வைத்தியம். 300 கிலோ மாட்டுக்கு 300 கிராமாவது ஆகும். மூங்கில் கொட்டத்தில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மருத்துவர் குழாய் விட்டுக் கொடுக்கட்டும்.

ஏரிக் கரம்பை மண்ணையோ வயல் களிமண்ணையோ சலித்துக் கலக்கலாமா என்ற கேள்வி வரும். கூடாது. களிமண் எல்லாம் பென்டோனைட் அல்ல, அதில் ஈயமும் பூச்சிமருந்து எச்சமும் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சுரங்கத்திலிருந்து வருகிற மண்ணே சில சமயம் ஏமாற்றும். 1997ல் அமெரிக்காவில் தீவனம் கட்டிபிடிக்காமல் இருக்கக் கலந்த ஒருவகைக் களிமண் வழியாக டையாக்சின் என்ற நஞ்சு கோழிக்கும் மீனுக்கும் போய்ச் சேர்ந்தது.

நான்காவது: வாங்கும்போது

பென்டோனைட் என்று கேட்டால் போர்வெல் சாமான் கடையிலும் எர்த்திங் சாமான் கடையிலும் மலிவாக மூட்டை கிடைக்கும். அவற்றில் சோடா உப்பும் பசைப்பொருளும் சேர்ந்திருக்கும், வாங்காதீர்கள். ‘தீவனத் தரம்’ என்று பொட்டலத்தில் இருக்க வேண்டும். ஆய்வுச் சான்றில் மூன்றைக் கேளுங்கள்: ஸ்மெக்டைட் (நஞ்சைப் பிடிக்கும் களிமண் கனிமம்) அளவு 70 சதவீதத்துக்குக் குறையாமல், அஃப்லடாக்சின் பி1 பிடிதிறன் 90 சதவீதத்துக்கு மேல், ஈயம், ஆர்செனிக், டையாக்சின் அளவு. முதல் இரண்டும் ஐரோப்பிய ஒன்றியம் 2013ல் இதை அனுமதித்தபோது வைத்த நிபந்தனைகள்.

வீட்டில் பார்க்க முடிந்தது கொஞ்சம்தான். ஒரு சிட்டிகையை நனைத்து விரலிடையில் தேய்த்தால் சோப்புப் போல வழுக்க வேண்டும், நறநறத்தால் மணல் கலப்பு. எலுமிச்சைச் சாறு சொட்டினால் நுரைக்கக்கூடாது. நுரைத்தால் சுண்ணாம்புக்கல்லோ சோடா உப்போ இருக்கிறது. தண்ணீரில் போட்டு ‘எவ்வளவு உப்புகிறது பாருங்கள்’ என்று விற்பனையாளர் காட்டுவார். சோடியம் வகை நன்றாக உப்பும், கால்சியம் வகை அவ்வளவாக உப்பாது. உப்புவதற்கும் நஞ்சைப் பிடிப்பதற்கும் நேர்த்தொடர்பு கிடையாது. அந்த வேடிக்கையைப் பார்த்து விலை பேச வேண்டாம்.

ஐந்தாவது: அளவு

கறவை மாட்டுக்கு, சோதனை முடிவு வரம்புக்குள் இருந்து மழைக்காலத்தில் முன்னெச்சரிக்கையாகப் போடுவதென்றால் நாளைக்கு 50 கிராம். சரக்கில் நஞ்சு இருப்பது தெரிந்து, வேறு வழியில்லாமல் அதையே குறைத்துப் போடும் நாட்களில் 100 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்து, அடர்தீவனத்தோடு மட்டும். காலையில் தீவனம், சாயங்காலம் பொடி என்றால் இரண்டும் வயிற்றில் சந்திக்காது. ஐரோப்பிய விதியில் உச்சவரம்பு ஒரு கிலோ முழுத்தீவனத்துக்கு 20 கிராம். அதை நெருங்கவே தேவையில்லை. கூடினால் தாமிரம், துத்தநாகம் போன்ற நுண்சத்துக்களையும் பிடிக்கத் தொடங்கும். சாணம் இறுகும், மாடு தொட்டியை முகர்ந்து விலகும்.

புதிதாகத் தொடங்கும்போது மூன்று நாள் 20 கிராம், பிறகு முழு அளவு. ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் 50 கிராம் நிறுத்து ஒரு டம்ளரில் கொட்டிக் கோடு போட்டு வைத்துவிடுங்கள். கண்ணளவில் போட்டால் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும்.

ஆறாவது: கலக்கும் முறை

நூறு கிலோ கலவைக்கு ஒரு கணக்கு: மக்காச்சோளம் 34, கடலைப் புண்ணாக்கு 20, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 20, அரிசித் தவிடு 12, தாது உப்புக் கலவை 2, உப்பு 1, பென்டோனைட் 1 கிலோ. இந்தத் தீவனம் நாளைக்கு 5 கிலோ தின்னும் மாட்டுக்கு 50 கிராம் பொடி தானாகவே போய்ச் சேரும்.

ஒரு கிலோ பொடியை நூறு கிலோக் குவியலின் மேல் தூவி மண்வெட்டியால் புரட்டினால் கலக்காது. ஒரு பக்கம் இரண்டு மடங்கும் இன்னொரு பக்கம் ஒன்றுமில்லாமலும் கிடக்கும். இப்படிச் செய்யுங்கள். ஒரு கிலோ பொடி, ஒரு கிலோ கோதுமைத் தவிடு, கையால் பிசிறிக் கலக்கவும். இரண்டு கிலோ ஆயிற்று. அதோடு இரண்டு கிலோ தவிடு, பின் நாலு கிலோ. எட்டுக் கிலோ முன்கலவையை, அரைத்து ஆறிய மிச்சச் சரக்கின் மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று முறை முழுசாகப் புரட்டுங்கள். முன்கலவையின் சாம்பல் நிறம் எங்கும் திட்டாகத் தெரியாமல் மறைய வேண்டும். எல்லாமே காய்ந்த சரக்கு. தூசி பறக்கிறது என்று தண்ணீர் தெளித்தால் அடுத்த வாரம் நீங்களே பூசணம் வளர்த்ததாகும். துண்டை மூக்கில் கட்டினால் போதாது, முகக்கவசம் போடுங்கள். நுண்ணிய மணல்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தாது உப்பைத் தனியாகக் கலந்தால் பொடி அதைப் பிடிக்காது என்பார்கள். எப்படிக் கலந்தாலும் இரண்டும் வயிற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அளவு மீறாமல் இருந்தால் போதும்.

புண்ணாக்கை ராத்திரியே ஊறவைத்துக் கரைசலாகக் காட்டும் வீடுகள்தான் இங்கே அதிகம். அங்கே நடக்கும் தவறு ஒன்று. பொடியை நேரே தண்ணீரில் கொட்டினால் மேற்புறம் மட்டும் ஊறி, உள்ளே காய்ந்த பொடியோடு கொழுக்கட்டை போல உருண்டுவிடும். முதலில் ஒரு படித் தவிட்டோடு காயக் கலந்து, பிறகு ஊறிய புண்ணாக்கில் போட்டுக் கிளறி உடனே காட்டுங்கள். மாடு குடித்துத் தலையெடுத்ததும் தொட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று சேறு படிந்திருந்தால், அன்றைக்கு மாட்டுக்குப் போயிருக்க வேண்டிய பொடி அதுதான். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் காட்டினால் இது நிற்கும். தொட்டியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டும் புண்ணாக்குப் படிவத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், புதிய பூசணம் அங்கிருந்துதான் வரும்.

மருந்தும் கோழியும்

வாய்வழி மருந்து கொடுக்கும் நாட்களில் பொடியை நிறுத்துங்கள். டைலோசின் போன்ற மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக்குகளைப் பென்டோனைட் பிடித்துக்கொள்ளும். நோய் தீராது, மருந்தைக் குறை சொல்வோம். கோழிக்கு ரத்தக்கழிச்சலைத் தடுக்க ரோபெனிடின் சேர்த்த தீவனம் கொடுப்பவர்கள் இந்தப் பொடியைச் சேர்க்கவே கூடாது. அதே நோய்க்கான மற்ற மருந்துகளோடு போடுவதானால் 10 கிலோ தீவனத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது.

நாட்டுக்கோழிக்கு எப்போதுமே அந்த 50 கிராம்தான் கணக்கு. குஞ்சுகளுக்கும் வாத்துக்கும் சந்தேகமான சோளத்தைப் பொடி நம்பிப் போடாதீர்கள். வாத்துக்குஞ்சு அளவுக்கு அஃப்லடாக்சினில் சீக்கிரம் சாவது வீட்டுப் பறவைகளில் வேறு இல்லை. கன்றுக்குட்டிக்கும் அப்படியே. பெரிய மாடு தாங்கும் அளவைக் கன்று தாங்காது.

சேமிப்பு

காய்ந்ததா இல்லையா என்று பார்க்க உப்புப் பாட்டில் போதும். சுத்தமாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளம், அதன்மேல் வறுத்து ஆறிய தூள் உப்பு இரண்டு மேசைக்கரண்டி. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுவது நல்லது, சேமிக்க 12, 13க்குள் வர வேண்டும். கடலைப் பருப்புக்கு 7, 8.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் தனிச் சிக்கல். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் மார்கழி ராத்திரி குளிரும்போது தகரக் கூரையின் உள்பக்கம் வியர்த்து மூட்டையின் மேல் சொட்டும். மூட்டை நனைந்த அடையாளமே தெரியாது, மேல் நாலு விரல் மட்டும் பச்சை பூத்திருக்கும். கூரைக்கும் அடுக்குக்கும் நடுவே இடம் விட்டு, மேலே சாக்கு விரித்து, அதை அடிக்கடி காயவையுங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் உள்ளேயே வியர்க்கும். கீழே அரையடி உயரப் பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பழைய மூட்டை முன்னால், புதியது பின்னால். பென்டோனைட் மூட்டையும் ஈரத்தை இழுக்கும், பிரித்ததை வாய் இறுகக் கட்டுங்கள்.

பாலைப் பார்ப்பது

தீவனத்தை மாற்றும் அன்று காலைப் பாலில் ஒரு மாதிரி, ஐந்தாம் நாள் காலைப் பாலில் ஒரு மாதிரி. நஞ்சு நின்றுவிட்டால் மூன்று, நாலு நாளில் எம்1 இறங்கிவிடும். கேனில் எல்லா மாட்டுப் பாலும் கலந்த பின் எடுக்காமல், ஒரே மாட்டின் முழுக் கறவையைக் கலக்கி 100 மில்லி எடுத்து ஐஸில் வைத்து அனுப்புங்கள். ஐந்தாம் நாளும் இறங்கவில்லை என்றால் பொடியின் அளவை ஏற்றாதீர்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், திப்பி என்று இதுவரை சோதிக்காத சரக்கு எது என்று பாருங்கள். நஞ்சு வேறு மூட்டையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.